வளையாத பட்டை

இந்தக் காலத்தில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வருவதில்லை. எங்கே என்ன நடந்தாலும் தூசி அடங்குவதற்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. போனில் பார்த்தேன் என்கிறான். எதையடா பார்த்தாய் என்றால், ஆள் விழுந்ததைப் பார்த்தேன் என்கிறான். விழுந்ததைப் பார்த்தவனுக்கு ஏன் விழுந்தான் என்பது எப்படித் தெரியும்? அதைக் கேட்டால் முறைக்கிறான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். லாரி செட்டில் காவல் இருந்து, காணாமல் போகிற டயரைத் தேடித் தேடியே இந்தத் துப்பறிகிற தொழிலுக்கு வந்தவன். கேட்காமலே காரணம் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. கேட்ட பிறகு சொல்கிறவனையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை உரசித்தான் பார்ப்பேன்.

அந்தப் பெண் எங்கள் முன்னறையில் வந்து உட்கார்ந்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். முகம் கழுவி நாளாகியிருக்கும் போல. கையில் ஆஸ்பத்திரி பிளாஸ்க். என் மருமகள் மின்விசிறியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தொழிலுக்கு உதவி அவள்தான். படிக்க வேண்டியதைப் படிப்பாள், ஸ்கூட்டர் ஓட்டுவாள், நடுநடுவே என்னைக் கிண்டல் செய்வாள். கடைசி வேலையைச் சம்பளம் இல்லாமலே செய்கிறாள்.

"அடிபட்டுக் கிடக்கிறது என் வீட்டுக்காரர். பழி விழுந்திருக்கிறது என் அண்ணன் மேல" என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

விஷயம் இதுதான். அவள் புருஷன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். ரோட்டில் ஓட்டுகிற பந்தயம் இல்லை. மண்மேட்டில் ஏறி, வண்டியோடு ஆகாயத்தில் பறந்து, அந்தப் பக்கம் இறங்குகிற மோட்டோகிராஸ். தாவுகிற தாவலைப் பார்த்து அவனுக்குத் தவளை என்றே பேர் வைத்துவிட்டார்கள். வண்டி செய்கிற கம்பெனியே அவனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. அவன் வண்டிக்கு மெக்கானிக், அவளுடைய சொந்த அண்ணன். கம்பெனி இந்த வருஷம் வண்டியைத் தலைகீழாக மாற்றிப் புதுசாகச் செய்திருக்கிறது. புது வண்டிக்கு அது முதல் பந்தயம். பெரிய மேட்டைத் தாண்டி இறங்கிய நிமிஷம் வண்டி முன்பக்கம் மடிந்துவிட்டது. தவளைக்கு இடுப்பும் தொடையும் போயிற்று. ஒரு ஆபரேஷன் முடிந்தது. இன்னொன்று பாக்கி. அதைச் செய்தால் நடப்பான் என்கிறார்கள், செய்யாவிட்டால் கட்டில்தான்.

புது வண்டியில் யாரோ பழைய வண்டியின் எஞ்சினைப் பிடிக்கிற இரும்புப் பட்டையைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான் மடிந்தது என்று கம்பெனியில் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டதும், "ஆமா, நான்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டானாம். மாமியார் அவனை வார்டுப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டிவிட்டாள்.

"அண்ணன் யார் சொன்ன பேச்சையும் தாண்ட மாட்டான் ஐயா. அவன் செய்யலேன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. நான் ரெண்டு பேர் மூஞ்சியிலயும் முழிக்கணும்."

மருமகள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானே செய்தேன் என்கிற ஆளிடம் போய் நீ செய்யவில்லை என்று நிரூபித்தால் அவர் நம்மை அடிக்க வர மாட்டாரா என்று மெதுவாகக் கேட்டாள். நான் செருப்பைத் தேடினேன்.

கம்பெனியின் பந்தய செட் ஊர்க் கோடியில் இருந்தது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. மெக்கானிக் செட் இவ்வளவு சுத்தமாக இருந்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வரும். வண்டியை வரைந்து வடிவமைத்த என்ஜினியர் எங்களைக் கூட்டிப் போனார். சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தான் செய்த வண்டியில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், குற்றம் வண்டியுடையது இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன முகம். எங்களிடமும் சொன்னார்.

பழைய வண்டியும் புது வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். முன்னே ஏர் ஃபில்டரை எடுக்க ஸ்பானரோடு மல்லுக்கட்ட வேண்டும், இப்போது பக்கத்து மூடியைக் கையாலேயே இழுத்து எடுத்துவிடலாம். கிளட்சுக்குக் கேபிள் கிடையாது, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது, விரல் பட்டால் போதும். டேங்கும் சீட்டும் தட்டையாகிவிட்டதால் ஓட்டுகிறவன் முன்னும் பின்னும் நகர முழங்கால் இடிக்காது. எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைத்ததில் எடை நடுவில் வந்து நிற்கிறது. எல்லா போல்ட்டுக்கும் தலை ஒரே அளவு, ஒரே ஸ்பானரில் வண்டி முழுவதையும் கழற்றிவிடலாம்.

எங்கள் வீட்டில் ஒரு டப்பா மூடியைத் திறக்க மூன்று பேர் வேண்டும், அதையும் நீங்களே செய்து கொடுங்களேன் என்றாள் மருமகள். அவர் சிரிக்கவில்லை.

நான் ஒன்றுதான் கேட்டேன். "இவ்வளவு நல்லது தெரிஞ்சிருக்கே, அப்போ பழைய வண்டியை எதுக்கு இத்தனை வருஷம் வித்தீங்க?"

அவர் பேச்சை மாற்றி ஃபிரேமைக் காட்டினார். பெருமை எல்லாம் அதில்தான் இருந்தது. பழைய ஃபிரேம் விறைப்பானது. மேட்டிலிருந்து இறங்குகிற அடி முழுவதும் ஓட்டுகிறவன் கைக்கு ஏறும். புது ஃபிரேமைச் சில இடத்தில் மெலிசாக்கி, அடி விழும்போது துளி வளைந்து கொடுக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். எஞ்சினையும் ஃபிரேமையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையும் அதற்குத் தகுந்த மாதிரி மெலிசு. "வளைஞ்சு கொடுக்கணும் பெரியவரே. அதுதான் இந்த வண்டியோட ரகசியமே. அங்க பழைய தடிப்பட்டையைப் போட்டுப் பிடிச்சா ஃபிரேம் எங்க வளையும்? உடையத்தான் செய்யும்."

"கல்யாணம் ஆனப்ப எனக்கும் வளைஞ்சு கொடுன்னுதான் சொன்னாங்க" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

விழுந்த வண்டி தார்ப்பாய்க்குள் இருந்தது. விலக்கினார்கள். டேங்குக்குக் கீழே பக்கவாட்டில் அந்தத் தடிப்பட்டை அப்படியே இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அது பிடித்திருந்த இடத்தில் ஃபிரேம் வாயைப் பிளந்திருந்தது. போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட்டில் ஒரு கோடு.

அது என்ன கோடு என்று கேட்டேன். மெக்கானிக்கின் பழக்கமாம். போல்ட்டை முடுக்கியதும் போல்ட் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுவான். போல்ட் கொஞ்சம் அசைந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி ஓடுமுன் சுற்றி வந்து எல்லாக் கோட்டையும் ஒரு பார்வை பார்ப்பான். மஞ்சள் கோடு போடுகிறவன் இந்த செட்டில் அவன் ஒருத்தன்தான். பட்டையை மாட்டியது அவன்தான் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்றார் என்ஜினியர்.

நான் கீழே குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. குந்திப் பார்த்தால் வண்டியின் மற்ற போல்ட்டுகளில் இருந்த கோடெல்லாம் எனக்கு நேரே தெரிந்தது. போல்ட் தலையிலிருந்து கீழ்நோக்கி, வெளிப்பக்கமாக, குந்தியிருக்கிறவன் கண்ணுக்கென்றே இழுத்தது போல. பட்டையில் இருந்த கோடு மட்டும் மேலே ஏறி, பட்டையின் மேல் விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தது. எழுந்து நின்று பார்த்தேன், டேங்க் மறைத்தது. மருமகளைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரச் சொன்னேன். என்ஜினியர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் ஏறிவிட்டாள். குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"தெரியுது மாமா. பளிச்னு தெரியுது" என்றாள்.

சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் தெரிகிற கோடு. என்ஜினியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு நினைத்ததைச் சொல்லும் பழக்கம் இல்லை. ஏதாவது கண்டுபிடித்தால் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்றேன்.

வழியில் ஒரு மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, முன்பக்கத் தடுப்புக் கம்பியின் போல்ட்டைத் தளர்த்தினோம். "உங்க பேச்சைக் கேட்டு நான் கழட்டுற முதல் போல்ட். உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வீட்டை விட்டே கழட்டிடுவார்" என்றாள். அங்கிருந்து மெக்கானிக் வீடு வரைக்கும் கம்பி தடதட என்று அடித்துக்கொண்டே வந்தது.

மெக்கானிக் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஸ்பானர்களை எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி ஓரமாக வைத்திருந்தான். தங்கச்சி அனுப்பினாளா என்று கேட்டான். ஆமாம் என்றேன். நான்தான் மாட்டினேன், வேறே பேச ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்றான். பேச்சு அதோடு முடிந்திருக்கும். மருமகள் மட்டும் போகாமல், வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது, போகிற வழியில் கழன்று விழுந்துவிடுமோ என்று தன்பாட்டுக்குச் சொன்னாள்.

அவன் வாய் போகச் சொன்னது. கால் வண்டியிடம் வந்துவிட்டது. கம்பியை ஆட்டிப் பார்த்தான், குந்தினான், முடுக்கினான், சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தான். போல்ட் தலையிலிருந்து கீழ்நோக்கி, தன் முகத்தைப் பார்த்து.

மருமகள் அன்றைக்கு முதல் தடவையாக ஜோக் அடிக்கவில்லை.

"உன் கோடு எல்லாம் கீழே இறங்குது தம்பி. பட்டையில இருக்கிற கோடு மேல ஏறுது. சீட்ல உட்கார்றவனுக்குத்தான் அது நேரா தெரியும்" என்றேன்.

பேனாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தான். பிறகு குந்திய இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

புது வண்டி தவளைக்குப் பிடிக்கவே இல்லை. கைக்குள் பாம்பு மாதிரி நெளிகிறது என்றான். ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்றார் என்ஜினியர். பழகுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும், பழைய பட்டையைப் போட்டுக் கொடு என்று மச்சானைக் கெஞ்சினான். இவன் முடியாது என்றுவிட்டான். பந்தயத்தன்று காலையில் இவன் பெட்ரோல் எடுக்கப் போன நேரம் பார்த்து, தவளையே கழற்றி மாட்டிவிட்டான். கோடு இல்லாவிட்டால் மச்சான் கண்டுபிடித்துவிடுவான் என்று, ஸ்பானர் பெட்டியில் கிடந்த மஞ்சள் பேனாவால் கோடும் போட்டான். வண்டியில் உட்கார்ந்தபடியே போட்டிருக்கிறான். உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பழகியவனுக்கு மெக்கானிக் எங்கிருந்து பார்ப்பான் என்று தோன்றவில்லை.

"அப்போ உனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியும் ஐயா." அவன் குரல் தரையில் கிடந்தது. "கடைசியா சுத்தி வந்தப்ப அந்தப் போல்ட்ல கோடு வழக்கமான இடத்துல இல்ல. எட்டிப் பார்த்தா மேல ஏறிக் கிடக்கு, பட்டை தடியா இருக்கு. நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள்ள கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அந்தக் கண்ணால அப்படிக் கெஞ்சினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியை ஓரமா தள்ளியிருப்பாங்க. சொல்லல. கழட்டினது அவரு, போகவிட்டது நான்."

பார்த்துச் சும்மா இருந்தது தப்புதான், ஆனால் அது வேறு தப்பு, கையால் செய்த தப்பை அதில் சேர்த்துக் கட்டக்கூடாது என்றேன். உன் தப்பை மட்டும் சொல், அவன் தப்பை அவன் சொல்லட்டும் என்றேன்.

அப்போதுதான் அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னான். வண்டி ஓட்டச் சேரும்போதே பேசிக்கொண்டது. கம்பெனி ஆள் செய்த தப்பால் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு கடைசிவரைக்கும் கம்பெனியுடையது. ஓட்டுகிறவனே தன் கையால் வண்டியை மாற்றியிருந்தால் கம்பெனிக்கு அதில் சம்பந்தமே இல்லை, வாசலைச் சாத்திவிடுவார்கள். அந்த இரண்டாவது ஆபரேஷனுக்கு அவர்கள் குடும்பச் சொத்து மொத்தத்தையும் விற்றாலும் எட்டாது. நாளைக்குக் கம்பெனி மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான்தான் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டால், மாப்பிள்ளை நடப்பான். இவனை அதற்குப் பிறகு எந்தப் பந்தய செட்டிலும் வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள்.

"தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க ஐயா."

இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த எல்லாத் திருட்டிலும், கண்டுபிடித்ததும் ஒரு வேலை இருந்தது. ஆளைப் பிடித்துக் கொடுத்தேன், பொருளை வாங்கிக் கொடுத்தேன். இங்கே கண்டுபிடித்ததைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நீட்டினாலும் ஒருத்தன் தலையில் விழுகிறது. ஸ்கூட்டரில் ஏறினேன். மருமகள் கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

தவளையின் கால் கயிற்றில் எடை கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன உடம்பா அவ்வளவு உயரம் தாவியது என்றிருந்தது. அவன் பெண்டாட்டி வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள். நான் கட்டில் பக்கம் குனிந்து, இன்றைக்கு உன் மச்சானைப் பார்த்தேன், ஸ்கூட்டரில் ஒரு மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தான் என்றேன்.

"மச்சான் சாப்பிட்டானா?" என்று கேட்டான்.

பார்த்தால் சாப்பிட்ட மாதிரி இல்லை என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. காலில் கட்டிய எடை அதோடு சேர்ந்து ஆடியது. அவனிடம் எனக்கு வேறே கேள்வி இல்லை.

வெளியே வராந்தாவில் அவள் பிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். அண்ணன் செய்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள். மருமகள் என் சட்டையைப் பின்னாலிருந்து லேசாக இழுத்தாள். மெக்கானிக் கேட்டுக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. ஆனால் என்னை அனுப்பியவள் இவள். கேட்கிறவளும் இவள். செய்யவில்லை என்றேன். யார் செய்தது என்றாள். அதையும் சொன்னேன். கோடு, பட்டை, கம்பெனிப் பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். பிளாஸ்க்கை ஜன்னல் திட்டில் வைத்தாள். வார்டுக் கதவைப் பார்த்தாள். திரும்பி வந்து குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஐயா, அந்த என்ஜினியர் கேட்டா, அண்ணன்தான் செஞ்சான்னு சொல்லிடுங்க."

"அவன் செய்யலேன்னு கண்டுபிடிக்கத்தானேம்மா என்னைக் கூப்பிட்டே?"

"கண்டுபிடிச்சுட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேற யாருக்கும் தெரிய வேணாம்." புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணனுக்குக் கை இருக்கு. பஞ்சர் ஒட்டியாவது பொழைச்சுக்குவான். இவருக்குக் காலும் போச்சுன்னா என்ன இருக்கு? நான் இனிமே அண்ணன் முன்னாடி போய் நிக்க முடியாது. நின்னா, எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுடும்."

அந்த நேரம் பார்த்து மருமகளின் போன் அடித்தது. என்ஜினியர். அவள் போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். கும்பிடுகிறவளைப் பார்த்துக்கொண்டு உண்மையையும் சொல்ல முடியாது, பொய் என் வாயிலிருந்து வராது. நான் போனை வாங்கவில்லை. படிக்கட்டைப் பார்த்து நடந்தேன்.

பின்னால் மருமகள் பேசுவது கேட்டது. மாமாவுக்கு உடம்பு முடியவில்லை சார், சொல்வதற்குப் புதுசாக ஒன்றும் இல்லை சார், நீங்கள் நினைத்ததுதான் சார். அவளுக்கு நல்ல குரல். யாரும் நம்பிவிடுவார்கள்.

வாசலுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். நான் ஏறவில்லை. ரோட்டோரமாக நடந்தேன். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தாள். சம்பந்தப்பட்ட மூன்று பேருக்கும் இதுதான் வேண்டும், நாலாவதாக நடுவில் நிற்க நாம் யார் என்றாள். மெக்கானிக் சொல்லாமல் போகவிட்டதுக்கு அவனே தேடிக்கிட்ட தண்டனை, ஒரு ஆள் நடக்கப்போறான், நியாயம்தானே மாமா என்றாள்.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். வெயில் ஏறிக் கிடந்தது. வீடு தூரம். கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே காறித் துப்பினேன்.

நியாயமாம்.